நெருப்பு இருக்குதுங்களா?

புதுச்சத்திரம்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அம்மிணி சத்யபிரியாவுக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்றுதான் எழுதுகிறேன். நம்புவது உன் பாடு. உன் நலம், மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன் நலம், காலேஜ் விடுதியில் இருக்கும் தீபிகா நலம் மூன்றையும் தனித்தனியாக எழுதவும். 'அனைவரும் நலம்' என்று மொத்த வியாபாரம் செய்தால் செல்லாது.

கையில் போன் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பொங்கலன்று பதினோரு நிமிஷம் பேசினோம். அதில் நான் பேசியது நாலு நிமிஷம், மீதியை என் நெஞ்சு பேசியது. நீ லீட்ஸில் உட்கார்ந்துகொண்டு எண்ணியிருக்கிறாய். கடைசியில், "அண்ணா, முப்பத்திரண்டு" என்றாய். என்ன முப்பத்திரண்டு என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஊரார் சிகரெட்டை விடவைப்பதற்கே சம்பளம் வாங்கும் தங்கைக்கு, ஒரு நாளைக்குப் பதினைந்து ஊதும் அண்ணன். கடவுளுக்கு நம் வீட்டின் மேல் தனிப் பிரியம். ஆகையால் இனிமேல் கடிதம்தான். காகிதத்துக்கு இருமல் வராது.

உன் நச்சரிப்புக்காகச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முப்பது வருஷமாக ஊதுகிறவனுக்கு இது ஒரு பரீட்சையா என்று ஊதினேன். ஃபெயில். "உங்களுக்கு வயசு அம்பத்தி ரெண்டு, உங்க நுரையீரலுக்கு எழுவத்தி நாலு" என்றார். என்னைவிட மூத்தது, இனி மரியாதையாக நடத்துகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இப்போதே விட்டால் இத்தோடு நிற்குமாம். விடாவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டுதான் ஷெட்டுக்குள் நடக்க வேண்டுமாம். கோழிகள் பயந்து முட்டை குறைந்துவிடும் என்பதுதான் என் கவலை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் அரசாங்கமே கரண்டு சிகரெட்டைக் கையில் கொடுத்து, நிஜ சிகரெட்டை விடச் சொல்கிறதாமே. தொண்ணூற்றைந்து சதம் தீங்கு குறைவு என்று பேப்பரில் படித்தேன். எங்கள் ஷெட்டில் தொண்ணூற்றைந்து சதம் முட்டை விழுந்தால் அன்றைக்குப் பொங்கல். ஆனால் மீதி ஐந்து இருக்கிறதே, முட்டையிடாமல் தீவனம் மட்டும் தின்னும் கழிப்புக் கோழி, நூறு பேரில் அந்த ஐந்தாக நான்தான் இருப்பேன். இருபத்தொன்பது பெண் பார்த்தும் பதினெட்டாயிரம் பெட்டைகளுக்கு நடுவே ஒண்டிக்கட்டையாக நிற்கும் ராசி என் ராசி. பரவாயில்லை, துணிந்துவிட்டேன். ஒன்று அனுப்பி வை.

பதில் போடு. சாயங்காலங்களில் இங்கே படிக்க ஒன்றுமில்லை.

உன் அண்ணன்,
தண்டாயுதபாணி


லீட்ஸ்,
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு, சத்யா வணக்கத்துடன். தீபிகா நலம். எனக்குக் குளிரைத் தவிர குறையில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். கவரைக் கொஞ்ச நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

முதலில் உங்கள் கோழிக் கணக்கு தப்பு. தொண்ணூற்றைந்து சதம் குறைவு என்றால், நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் தப்பித்து ஐந்து பேர் மாட்டுவார்கள் என்று அர்த்தமில்லை. ஊதுகிற ஒவ்வொருவருக்கும் சிகரெட்டின் தீங்கில் இருபதில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது அதன் பொருள். கழிப்புக் கோழி என்று தனியாக யாரும் இல்லை, எல்லாக் கோழிக்கும் கொஞ்சம் கொஞ்சம். அதுவும் அளந்து பார்த்து வந்த எண் இல்லை. சில நிபுணர்கள் ஓர் அறையில் கூடி உட்கார்ந்து, இதற்கு இத்தனை, அதற்கு இத்தனை என்று மார்க் போட்டு வந்தது. அந்த எண்ணை வைத்து இங்கே பல வருஷமாகச் சண்டை நடக்கிறது.

இரண்டாவது, நான் அனுப்ப மாட்டேன். இந்தியாவில் 2019-லிருந்து தடை. கொண்டுவருவது, விற்பது, வைத்திருப்பது எல்லாம் குற்றம். அண்ணனின் நுரையீரலைக் காப்பாற்றப் போய் அண்ணனைக் கஸ்டம்ஸில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. அங்கேயே நிகோடின் சூயிங்கம் கிடைக்கும். மருந்துக்கடையில் கேளுங்கள். மென்று, கொஞ்சம் காரமாக வந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். விடாமல் மெல்லக் கூடாது.

முப்பத்திரண்டு என்று சொன்னதற்கு மன்னியுங்கள். எண்ணுவது தொழிலாகிவிட்டது.

உங்கள் தங்கை,
சத்யா


புதுச்சத்திரம்,
2 மார்ச் 2025

அன்புள்ள சத்யாவுக்கு, அண்ணன் ஆசியுடன். நலம், பத்துக்கு ஏழு மார்க். நீங்களும் நிபுணர்களும் மட்டும்தான் மார்க் போடலாமா?

அந்த நிபுணர்கள் கதை எனக்குப் புதிதில்லை அம்மிணி. நாமக்கல்லில் முட்டை விலை அப்படித்தான் வருகிறது. நாலு பேர் உட்கார்ந்து இன்றைக்கு இவ்வளவு என்று அறிவிப்பார்கள். வாங்க வருகிற வியாபாரி அதில் 'மைனஸ்' போட்டுத்தான் எடுப்பான். அறிவிப்பு ஒன்று, கைக்கு வருவது ஒன்று. ஆக, உங்கள் தொண்ணூற்றைந்திலும் எவ்வளவு மைனஸ் என்று யாருக்கும் தெரியாது. சரிதானே? எனக்குப் புரிந்துவிட்டது. லண்டனுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே விமானம் எதற்கு?

சூயிங்கம் வாங்கினேன். நீ சொன்னபடி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேங்குக்குப் போனால், மேனேஜர் அம்மா பல்வலியா என்று விசாரித்து லவங்கம் வைக்கச் சொன்னார். ஷெட்டில் மென்றுகொண்டே நடந்தால் கோழிகள் எல்லாம் தலையைச் சாய்த்துப் பார்க்கின்றன. முதலாளிக்கு எப்போது அலகு முளைத்தது என்று அவற்றுக்குச் சந்தேகம். பதினைந்து, ஒன்பதாகக் குறைந்திருக்கிறது. மீதி ஒன்பதில் ஏழு சாயங்காலம் டீக்கடையில் தீர்கிறது.

அந்த டீக்கடை உனக்குத் தெரியாது, பைபாஸ் வந்த பிறகு வந்தது. எதிரே லாரி பாடி கட்டும் பட்டறை. அங்கே பெயின்டர் பெரியசாமி. லாரி முதுகில் மயில், தாமரை, 'தாயின் ஆசி' எல்லாம் எழுதுகிறவர். ஆறு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து, "நெருப்பு இருக்குதுங்களா?" என்பார். பதினோரு வருஷமாக அதே கேள்வி. பதினோரு வருஷத்தில் ஒரு தீப்பெட்டி வாங்காத மனிதர் கொங்கு நாட்டிலேயே அவர் ஒருவர்தான். மேலெல்லாம் தின்னர் வாசம். அவருக்குக் குச்சி கிழித்து நீட்டும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து எரியப்போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் கடிதத்தில் மாம்பழ வாசம் வருகிறதே, என்ன அது? சேலத்துப் பெண் என்று காட்ட சென்ட் தெளித்தாயா?

மூன்று பேர் நலம் கேட்டிருந்தேன். இரண்டுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. கணக்குப் பிள்ளை தனபால் இப்படி வவுச்சர் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அண்ணன்,
தண்டாயுதபாணி


லீட்ஸ்,
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு, நலமே. அவர் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறார். நலமாகத்தான் இருப்பார்.

வாசம் கைக்குப் போடும் கிரீம். இந்தக் குளிரில் விரல் வெடித்துவிடுகிறது.

ஒன்பது என்பது பெரிய விஷயம் அண்ணா. நான் சொல்வது ஒப்புக்கு இல்லை. என்னிடம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். சின்ன அறை, ஜன்னல் கிடையாது. ஒரு மிஷினில் ஊதச் சொல்வேன், அது மூச்சில் இருக்கும் புகையின் அளவைக் காட்டும். போன வாரம் சிவப்பில் இருந்தவர் இந்த வாரம் பச்சைக்கு வந்தால் அழுதுவிடுகிறார்கள். சிலர் கரண்டு சிகரெட் கேட்பார்கள், கொடுப்போம். நான் எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான் பாடுவேன். சிகரெட் பிடிக்கிறவருக்கு இது எவ்வளவோ மேல். சூயிங்கத்தைவிட இதனால் விட்டவர்கள் அதிகம் என்று ஆராய்ச்சி சொல்கிறது. ஆனால் தீங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இதை நாற்பது வருஷம் ஊதிய மனிதர் இன்னும் உலகத்திலேயே கிடையாது, அதனால் நாற்பது வருஷத்தில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சிகரெட் பிடிக்காதவர்கள் தொடவே கூடாது.

நம் அரசாங்கம் பயந்ததும் தப்பில்லை. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் வாசத்தில் ஊதிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். அங்கே ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம். இரண்டு பக்கமும் நல்ல டாக்டர்கள்தான்.

பெரியசாமியைப் பற்றி எழுதியது பிடித்திருந்தது. இரண்டு முறை படித்தேன். இன்னும் எழுதுங்கள்.

சத்யா


புதுச்சத்திரம்,
18 மே 2025

அன்புள்ள அம்மிணிக்கு, அண்ணன் அநேக ஆசிகளுடன். தாமதத்துக்குக் காரணம் வெயில், இரண்டாவது காரணம் நான் ஒரு குற்றவாளி ஆகிவிட்டேன்.

சேலம் போனபோது செல்போன் கவர் விற்கும் ஒரு சந்துக் கடையில், மெதுவாகக் கேட்டால் கிடைக்கும் என்று சொன்னார்கள். மெதுவாகக் கேட்டேன். அந்தப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, "பேரனுக்குங்களா?" என்றான். கல்யாணமே ஆகாதவனுக்குப் பேரனைக் கொடுத்த புண்ணியவான். விரல் நீளம், நீல நிறம், ஊதினால் நுனியில் லைட். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன்.

மறுநாள் அதை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போயிருக்கிறேன். திரும்பி வந்தால் தனபால் வியர்த்துக்கொண்டிருக்கிறார். அடியில் சார்ஜ் ஏற்றும் ஓட்டை இருப்பதைப் பார்த்து, பென் டிரைவ் என்று நினைத்து, ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டார். கோழிகளுக்குத் தடுப்பூசி போட்ட பட்டியல் அதில் இருக்கிறதென்று அரை மணியாகத் தேடியிருக்கிறார். "ஏனுங்க, ஓப்பனே ஆக மாட்டேங்குது, லைட்டு மட்டும் எரியுது, ரூமெல்லாம் மாம்பழம் மணக்குது" என்றார். வைரஸ் வந்திருக்கும், தொடாதீர்கள் என்று பிடுங்கிக்கொண்டேன். கோழிப்பண்ணையில் வைரஸ் என்ற வார்த்தை கேட்டால் தனபால் மூன்று நாளைக்கு எதையும் தொட மாட்டார்.

ஆக, நிஜ சிகரெட்டை விட்டுப் பன்னிரண்டு நாள். மெடல் அனுப்பு.

டீக்கடைக்கும் கொண்டுபோனேன். புகையைப் பார்த்துக் கடைக்காரர் சாம்பிராணி என்று கும்பிட்டார். ஆறு மணிக்குப் பெரியசாமி ரோட்டைத் தாண்டி வந்தார்.

"நெருப்பு இருக்குதுங்களா?"

தீப்பெட்டி எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். நீலக் குழாயைக் காட்டினேன்.

"இதுல பத்த வெக்க முடியாதுங்களா?"

"இல்லீங்க பெரியசாமி. இது கரண்டு."

"கரண்டுங்களா. அப்பச் சரிங்க."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தப் பக்கம் நின்ற லாரி டிரைவர்களிடம் போய்ப் பற்றவைத்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அவர் இடம் மாறுவது அதுதான் முதல் தடவை. டீ ஆறிவிட்டது. அன்றைக்குச் சர்க்கரையும் கம்மி.

மாம்பழ சீசன். மல்கோவா நன்றாக விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை வெளியூரிலிருந்து வந்தாரா?

அண்ணன்,
தண்டாயுதபாணி


லீட்ஸ்,
7 ஜூன் 2025

அண்ணாவுக்கு, சத்யா. நலம்.

அதை முதலில் தூரப் போடுங்கள். இங்கே விற்பதில் நிகோடின் எவ்வளவு, திரவம் எவ்வளவு என்று வரம்பு உண்டு. சந்துக் கடையில் வாங்கியதற்குள் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது. நான் சொன்ன ஆராய்ச்சி எதுவும் அந்த நீலக் குழாயைப் பற்றியது இல்லை. நெருப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், உள்ளே பேட்டரி வெடிக்கும்.

அடுத்து, பன்னிரண்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கவரைப் பிரித்ததும் அறை முழுக்கச் சிகரெட் வாசம். பழைய வாசம் இல்லை, எழுதும்போதே பிடித்த வாசம். இரண்டாம் பக்கத்தில் சாம்பல் விழுந்து பொத்தல் இருக்கிறது. காகிதத்துக்கு இருமல் வராது அண்ணா, வாசம் வரும்.

கோபப்படவில்லை. என்னிடம் வருகிறவர்களும் பொய் சொல்வார்கள். மிஷின் காட்டிக்கொடுத்துவிடும். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுப்பேன். உங்களுக்கு எப்படித் தேதி கொடுப்பது?

இங்கே ஜூன் முதல் தேதியிலிருந்து, ஒரு முறை ஊதித் தூக்கிப்போடும் ரகத்துக்குத் தடை வந்துவிட்டது. போன மாதம் கடைகளில் ஒரே கூட்டம். மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கியவர்களும் உண்டு.

எழுபத்து நாலு வயது நுரையீரல் என்று டாக்டர் சொன்னதை நான் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என்று இருக்கிற பிறந்தவீடு நீங்கள் ஒருவர்தான்.

சத்யா


புதுச்சத்திரம்,
29 ஜூன் 2025

அன்புள்ள சத்யாவுக்கு, அண்ணன். பிடிபட்டவன் நலம்.

பன்னிரண்டு நாள் பொய்தான். ஐந்து நாள் நிஜம். நாலாவது நாள் பெரியசாமி டிரைவர்களோடே நின்றுவிட்டார். என் பக்கம் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஐந்தாவது நாளும். ஆறாவது நாள் நான் ஒரு பாக்கெட்டும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு, கிழிக்கிற சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கிழித்தேன். வந்துவிட்டார். "என்னுங்க, ரெண்டு நாளா மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

சிரிக்காதே. இதை டாக்டரிடம் சொல்ல முடியாது. காலையில் தனபாலோடு பேசுவது தீவனம், மருந்து, சதம். பகலில் போனில் வருவது கம்பெனிக்காரர்கள். இருட்டினால் டீவி. ஒரு நாளில் என்னிடம் ஒரு மனிதர் வந்து, என்னிடம் மட்டும் இருக்கிற ஒன்றைக் கேட்பது ஆறு மணிக்குத்தான். உங்கள் நிபுணர்கள் புகையில் இருக்கும் விஷத்தையெல்லாம் வரிசை போட்டு மார்க் கொடுத்தார்களே, இதற்கு ஒரு கட்டம் போட்டார்களா?

இருக்கட்டும். இப்போது உன் பங்கு.

நீலக் குழாயைத் தூரப் போடச் சொன்னாய். போடுவதற்கு முன், பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். உன் மூன்று கடிதங்களும் அதே டப்பாவில்தான் இருக்கின்றன. அடுத்த முறை திறந்தபோது எது எதன் வாசம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சரி, குழாய் வாசம் காகிதத்தில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. மார்ச் மாதம் உன்னிடம் மாம்பழ வாசம் என்று எழுதியபோது இந்தக் குழாய் என்னிடம் கிடையாது. நான் சேலத்து மாம்பழத்தில் வளர்ந்தவன் அம்மிணி. பழத்துக்கு அந்த வாசம் வராது. கிரீமுக்கும் வராது. உன் ஜூன் கடிதத்தின் மூலையில் எண்ணெய் மாதிரி ஒரு கறை, அதில் இன்னும் தூக்கல்.

அந்த ரகக் கைக்கிரீமை நம்மூரில் 2019-லேயே தடை செய்துவிட்டார்கள்.

வேறொன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை எந்த வெளியூர் என்றும் கேட்கவில்லை.

அண்ணன்


புதுச்சத்திரம்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சத்யாவுக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. நலமா? முன்பெல்லாம் இதைச் சடங்குக்காகக் கேட்டேன்.

எட்டு வாரம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கூச்சத்தை விட்டுப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு கட்டைவிரலை எத்தனை தடவை படிப்பது? தபால்காரர் அறிவழகன் என் வாசலைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, இல்லை என்று கையை விரித்துவிட்டுப் போகிறார். அவருக்கும் சங்கடம்.

அந்தக் கடிதத்தை நான் அப்படி முடித்திருக்கக் கூடாது. வாய்க்கொழுப்பு. நாலு பேர் சிரித்தால் ஐந்தாவது வார்த்தை தானாக வந்துவிடும். சிரிக்க ஆளில்லாத இடத்தில் அதே பழக்கம் கையில் வந்துவிட்டது. இருபத்தொன்பது பெண் வீட்டிலும் என்னைக் கெடுத்தது ஜாதகமில்லை, இந்த வாய்தான்.

ஆடிப்பெருக்கோடு நிறுத்திவிட்டேன். இன்றைக்கு இருபத்தோராவது நாள். பொய்யென்றால் காகிதத்தை மோந்து பார். சூயிங்கம்தான். மெல்லுவதும் ஒதுக்குவதும் பழகிவிட்டது, கோழிகளும் பழகிவிட்டன. டீக்கடைப் பக்கம் போகவில்லை. போனால் கை தானாகப் பைக்குள் போகிறது. ஆறு மணிக்கு ஷெட்டுக்குள் போய் நின்றுகொள்கிறேன். பதினெட்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவரும் என்னிடம் பேசவில்லை.

ஆடி பதினெட்டுக்குக் கருப்பணார் கோயிலில் உன் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்தேன். பூசாரி குடும்பத்தோடு சொல்லுங்கள் என்றார். உன் பெயரையும் தீபிகா பெயரையும் சொன்னேன். மூன்றாவது பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

அண்ணன்,
தண்டாயுதபாணி


லீட்ஸ்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு, சத்யா எழுதுவது.

மூன்றாவது பெயரைச் சொல்லாமல் விட்டது சரிதான். போன தீபாவளிக்கு முன்பே அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். வெளியூர் என்று எழுதியது பொய்யில்லை, இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். தனி வீடு. சண்டை இல்லை, சத்தம் இல்லை. தீபிகா விடுதிக்குப் போன மாதமே அவரும் பெட்டி கட்டினார். பிள்ளைக்காகத்தான் காத்திருந்தாராம். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நாலு பேர் பேச வருவார்கள், அண்ணனுக்குத் தலையிறக்கம் என்று நினைத்தேன். பேச நாலு பேர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது.

மாம்பழம். அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அறையில் கரண்டு சிகரெட்டுகளை மாதிரிக்கு வைத்திருப்போம். ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பெட்டிகளை அடுக்கும்போது மாம்பழம் என்று ஒன்று இருந்தது. படம் நம் ஊர்ப் பழம் மாதிரியே. சும்மா முகர்ந்துதான் பார்த்தேன். அப்புறம் என் காசில் வாங்க ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்தில் நின்று ஊதுவேன். உங்களோடு போனில் பேசும்போதும் அங்கேதான் நிற்பேன். நீங்கள் இருமுவதை எண்ணிக்கொண்டே ஊதியிருக்கிறேன். ஜூனுக்கு முன்னால் மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கியவர்கள் என்று எழுதினேனே, அதில் நானும் ஒருத்தி. கைப்பையில் ஒன்று ஒழுகி உங்களுக்கு எழுதிய கடிதத்தின் மேல் பட்டுவிட்டது. வேறு காகிதத்தில் எழுத எனக்குத் தெம்பில்லை. கவனிக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

அந்தத் தொண்ணூற்றைந்து சதம், அது உங்களுக்கானது அண்ணா. சிகரெட் பிடிக்கிறவருக்குச் சொன்ன கணக்கு. நான் ஒரு சிகரெட்டும் பிடித்ததில்லை. நான் எதைவிடக் குறைவு என்று சொல்லிக்கொள்வது? எனக்கு அது முழுசாகக் கூடுதல். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு, பிடிக்காதவர்கள் தொடவே கூடாது என்று பாடுகிறேன். பாடிவிட்டுக் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். எங்களிடம் வருகிறவர்களுக்கு விட உதவ நான் இருக்கிறேன். எனக்கு உதவி கேட்டு நான் யாரிடம் போய் உட்காருவது? அந்தக் கட்டடத்தில் அந்த நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மோந்து பார்த்தேன். கோழித் தீவனம், மை. வேறு எதுவுமில்லை. ரொம்ப நேரம் முகத்தில் வைத்திருந்தேன்.

இருபத்தொரு நாளை விட்டுவிடாதீர்கள்.

சத்யா


புதுச்சத்திரம்,
2 நவம்பர் 2025

என் அன்புச் சத்யாவுக்கு, அண்ணன் ஆயிரம் ஆசிகளுடன். இங்கே மழை. நான் நலம், இந்த முறை மைனஸ் இல்லாமல்.

உன் கடிதம் வந்து மாதம் ஒன்று ஓடிவிட்டது. நாலு பதில் எழுதினேன். நாலிலும் சிரிப்புக்காட்டியிருந்தேன், கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதிலும் எங்காவது வந்துவிட்டால் பொறுத்துக்கொள்.

தலையிறக்கம் என்று எழுதியிருந்தாய். எனக்கு எங்கே தலை உயர்ந்திருந்தது இறங்குவதற்கு? ஊரில் யாராவது கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன். வாய் எதற்கு இருக்கிறது? இருபத்தொன்பது வீட்டில் வேண்டாத இடத்தில் திறந்த வாய், ஒரு நாளாவது வேண்டிய இடத்தில் திறக்கட்டும்.

டாக்டரிடம் போய் மறுபடி ஊதினேன். அதே எழுபத்து நாலு. குறையவில்லையே என்றேன். "ஏறாம நின்னுருக்குது பாருங்க, அதாங்க பெருசு" என்றார். இன்றைக்குத் தொண்ணூற்றோராவது நாள். தீபாவளியன்று சாயங்காலம் ஒன்று பிடித்தேன். ஊரே வெடிக்கும் புகையில் இது யாருக்குத் தெரியும் என்று பிடித்தேன். மறைக்கவில்லை, எழுதிவிட்டேன். வேண்டுமானால் தொண்ணூறு என்று வைத்துக்கொள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் தனபால் தீவன லாரியோடு டீக்கடைக்குப் போய் வந்து சொன்னார்: "அந்தப் பெயின்டரு கேட்டாருங்க, அய்யா ஊட்டுல யாருக்காச்சும் மேலுக்கு முடியலீங்களான்னு." அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். போகிற வழியில் பெட்டிக்கடையில் நின்று ஒரு தீப்பெட்டி மட்டும் வாங்கினேன். கடைக்காரர் வழக்கப்படி பாக்கெட்டையும் எடுத்து வைத்தார். வேண்டாம் என்றேன். தீப்பெட்டி மட்டுமா என்று இரண்டு முறை கேட்டார்.

பெரியசாமி ரோட்டைத் தாண்டி வந்தார்.

"நெருப்பு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

கிழித்து, காற்றுப் படாமல் கையைக் குவித்து நீட்டினேன். பற்றவைத்துக்கொண்டார். என் வாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"உங்குளுக்குங்க?"

"நான் உட்டுட்டனுங்க."

"அப்பறம் தீப்பெட்டி எதுக்குங்க?"

தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் நின்ற இடத்திலிருந்து சுற்றி வந்து, புகை என் மேல் படாத பக்கமாக நின்றுகொண்டார். கரூர் லாரி ஒன்றுக்கு மயில் எழுதுவதாகவும், ஓனர் மயிலுக்குக் கழுத்து போதவில்லை என்று மூன்று தடவை அழிக்கச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அரை மணி நேரம் மயிலைப் பற்றிப் பேசினோம். அன்றிலிருந்து தினமும் போகிறேன். புகை காற்றில் கொஞ்சம் வரத்தான் வருகிறது, நீ திட்டுவாய். அதற்கு எத்தனை சதம் என்று உன் நிபுணர்களைக் கேட்டுச் சொல்.

உன் தோட்டத்தைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ ஊதுவதில் நெருப்பு இல்லை. யாரும் உன்னிடம் வந்து நெருப்பு கேட்க மாட்டார்கள். நீயும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பட்டனை அமுக்கினால் உனக்கு நீயே. அதில் இருக்கும் எந்த விஷத்தைவிடவும் எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு தீப்பெட்டி வாங்கி உனக்கு அனுப்பலாம் என்று தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அம்மா கவரைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, இதைப் போயி ஏரோப்ளேன்ல அனுப்பச் சொல்றீங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குச்சிகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் பெட்டியை இதோடு வைத்திருக்கிறேன். கைப்பையில் போட்டுக்கொள், அந்த மாம்பழம் இருந்த உள்பையிலேயே. கை தேடும்போது இது அகப்படட்டும்.

இன்று ஞாயிறு. இனி ஞாயிறுதோறும் உனக்கு மத்தியானம் ஆகும் நேரத்துக்கு நான் போன் செய்வேன். கடிதமும் வரும், போனும் வரும். நான் இருமுவேன், நீ எண்ணு. பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நானும் எண்ணுவேன். கட்டைவிரல் அனுப்பக் கூடாது.

குச்சிகள் நாற்பத்து மூன்று. பிஸ்கட் டப்பாவில், உன் கடிதங்களோடு இருக்கின்றன. அவற்றைப் பெரியசாமிக்குக் கிழிக்க மாட்டேன். நீ ஊருக்குப் பெட்டியைக் கொண்டுவந்தால் உரசிப் பார்க்கலாம்.

எதிர்பார்த்திருக்கும் அண்ணன்,
தண்டாயுதபாணி